வாசகர் கேள்வி-பதில்: மேட்ரன் வர்றாங்க, போர்வையை சரி பண்ணுங்க!

போன இதழ்ல ஒரு வாசகி, ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல படுத்திருக்கேன், மனசு லேசாகிற மாதிரி ஒரு பழைய படம் சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க. நான் 1959ல வந்த 'கேரி ஆன் நர்ஸ்'ங்கிற பிரிட்டிஷ் காமெடிப் படத்தைச் சொன்னேன், மூணு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. நர்ஸுங்க எழுதியிருக்காங்க, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க எழுதியிருக்காங்க, ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தவங்க எழுதியிருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க ஆஸ்பத்திரி காமெடிதான்.

கல்லூரி மாணவர், திருச்சி: அக்கா, நீங்க சொன்ன படத்துல கதையே இல்லைன்னு என் ஃப்ரெண்டு சொல்றான். அப்புறம் எப்படி அது ஓடுச்சு?

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்லதான் தம்பி, உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி. ஹேவன் ஹாஸ்பிட்டல்னு ஒரு ஆஸ்பத்திரி, அதுல ஆம்பளைங்களுக்கான சர்ஜிகல் வார்டு, அந்த வார்டுல படுத்திருக்கிறவங்க, அவங்களைப் பார்த்துக்கிற நர்ஸுங்க, அவ்வளவுதான். குடல்வால் வீங்கி வந்த ஒரு பத்திரிகைக்காரர், கை உடைஞ்சு வந்த ஒரு குத்துச்சண்டைக்காரர், எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கிற ஒரு நியூக்ளியர் ஃபிசிக்ஸ் படிக்கிற ஆளு (கென்னத் வில்லியம்ஸ்), காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ரேடியோ உலகத்துலயே வாழுற இன்னொருத்தர் (சார்ல்ஸ் ஹாட்ரி). இவங்க ஒவ்வொருத்தரையும் கட்டில் கட்டிலா பார்த்துக்கிட்டே போறதுதான் படம்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது நமக்கும் கதைன்னு ஒண்ணு கிடையாதே. காலையில வெப்பம் பார்ப்பாங்க, டீ வரும், டாக்டர் வருவார், மத்தியானம் தூக்கம் வராது, சாயந்திரம் பார்க்க வர்றவங்க ஆரஞ்சுப் பழத்தோட வருவாங்க, ராத்திரி பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை. அந்த ஒரே மாதிரி நாளுக்குள்ள எங்கயாவது சின்னதா ஒண்ணு நடந்தா அது நமக்குத் திருவிழா. அந்த உணர்வை இந்தப் படம் பிடிச்சிருக்கு. எழுதின நார்மன் ஹூடிஸோட மனைவி ஒரு நர்ஸ், வீட்டுக்குள்ளயே விஷயம் தெரிஞ்சவங்க இருந்திருக்காங்க, அது ஒவ்வொரு சீன்லயும் தெரியுது. இயக்கம் ஜெரால்ட் தாமஸ், தயாரிப்பு பீட்டர் ரோஜர்ஸ். 1959ல பிரிட்டன் தியேட்டர்கள்ல அதிகம் பேர் பார்த்த படம் இதுதான், அமெரிக்காவுலயும் நல்லா ஓடுச்சு. இந்த 'கேரி ஆன்' வரிசையில இது ரெண்டாவது படம், முதல் படம் பட்டாளத்தைப் பத்தினது. இது ஓடின ஓட்டத்துலதான் அது ஒரு பெரிய வரிசையாவே ஆகி, 1992 வரைக்கும் மொத்தம் 31 படம் வந்துச்சு.

வாசகர், சேலம்: சிரிப்பு வாயு கசிஞ்சு எல்லாரும் சிரிக்கிற சீன் அதுல வருதுன்னு கேள்விப்பட்டேன். நிஜமாவே அப்படி நடக்குமா?

வருது. கால் பெருவிரல் பக்கம் எலும்பு புடைச்சிருக்கிற ஒரு ஆளு (லெஸ்லி ஃபிலிப்ஸ்), காதலியோட வெளியூர் போகணும்னு அவசரப்படுறாரு, ஆபரேஷன் தள்ளிப் போகுது. ஒரு ராத்திரி ஷாம்பெயின் உள்ள போனதும் வார்டுக்காரங்க எல்லாம் சேர்ந்து நாமளே ஆபரேஷன் பண்ணிடலாம்னு முடிவு பண்றாங்க, ஃபிசிக்ஸ்காரர் புத்தகத்தைப் படிச்சிட்டு கத்தியை எடுத்துடுறாரு, ஹெட்ஃபோன்காரர் நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கிட்டு காவலுக்கு உக்காருறாரு. கடைசியில மயக்க வாயு கசிஞ்சு ஆளாளுக்குச் சிரிச்சு உருளுறாங்க.

அது நைட்ரஸ் ஆக்ஸைடு. ஹம்ஃப்ரி டேவிங்கிற விஞ்ஞானி 1799 வாக்குல தானே இழுத்துப் பார்த்து, சிரிப்பு வருதுன்னு எழுதி வெச்ச வாயு. இன்னிக்கும் பிரிட்டன்ல பிரசவ வலிக்கு இதையும் ஆக்ஸிஜனையும் பாதிக்குப் பாதி கலந்து குடுக்குறாங்க. ஆனா ஒரு சிலிண்டர் கசிஞ்சதுக்கு ஒரு ரூமே உருண்டு சிரிக்காது, அவ்வளவு அடர்த்தி வராது. அது சினிமாவுக்காக.

ஸ்டாஃப் நர்ஸ், வேலூர்: மேடம், படத்தைப் பார்த்தேன். ஒரே ஒருத்தரை மட்டும்தான் சிஸ்டர்னு கூப்பிடுறாங்க, மத்தவங்க எல்லாரும் நர்ஸ். எங்களை இங்க எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடுறாங்க. என்ன வித்தியாசம்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான் சிஸ்டர். நம்ம ஊர்ல வெள்ளை உடுப்பு போட்ட எல்லாரும் சிஸ்டர், நேத்து ட்ரெயினிங்ல சேர்ந்த பொண்ணுகூட சிஸ்டர். பிரிட்டன்ல அது ஒரு பதவி. ஸ்டூடண்ட் நர்ஸ், அதுக்கு மேல ஸ்டாஃப் நர்ஸ், அதுக்கு மேல வார்டு சிஸ்டர், ஒரு வார்டுக்கு அவங்கதான் பொறுப்பு, எல்லாருக்கும் மேல மேட்ரன். இந்தப் படத்துல சிஸ்டரா வர்றவங்க ஜோன் ஹிக்சன், பின்னாடி டிவியில மிஸ் மார்ப்பிளா வந்து துப்பறிஞ்சாங்களே, அவங்களேதான்.

இந்த ஏணி தெரிஞ்சாத்தான் படத்துல பாதி சிரிப்பு புரியும். மேட்ரன் ரவுண்ட்ஸ் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அந்த வார்டு என்ன பாடு படுதுன்னு பாருங்க. விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, தலகாணி ஒரே மாதிரி நிக்கணும், பேஷன்ட் போர்வைக்கு மேல படுத்திருக்கக்கூடாது. சிஸ்டர் ஸ்டாஃப் நர்ஸை விரட்ட, ஸ்டாஃப் நர்ஸ் ஸ்டூடண்டை விரட்ட, ஸ்டூடண்டுக்குக் கீழ யாரும் இல்லாததால அந்தப் பொண்ணு பேஷன்டை விரட்டுது, கடைசியில அந்தப் பயமெல்லாம் காய்ச்சலோட படுத்திருக்கிறவன் தலையில வந்து விழுது. ஜோன் சிம்ஸ் நடிச்ச அந்த ஸ்டூடண்ட் நர்ஸ், கை வைக்கிற இடமெல்லாம் ஏதாவது உடையும், ரப்பர் குழாய்களைக் கொதிக்க வெச்சுட்டு மறந்தே போயிடும். ட்ரெயினிங் நாள்ல இந்த மாதிரி ஒண்ணு நடக்காத நர்ஸ் யாராவது இருக்காங்களா, நீங்களே சொல்லுங்க.

மேட்ரனா வந்த ஹேட்டி ஜாக்ஸ், அந்த அம்மா வாசல்ல நின்னாலே வார்டு அமைதியாயிடும், குரலைக்கூட உயர்த்த வேண்டியதில்ல. அப்புறம் 1967ல 'கேரி ஆன் டாக்டர்', 1969ல 'கேரி ஆன் அகெய்ன் டாக்டர்', 1972ல 'கேரி ஆன் மேட்ரன்'னு திரும்பத் திரும்ப அதே வேஷம்தான் அவங்களுக்கு. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். 1966ல ஸால்மன் கமிட்டி அறிக்கைன்னு ஒண்ணு வந்து, அதுக்கப்புறம் மேட்ரன்ங்கிற பதவியையே எடுத்துட்டு நர்சிங் ஆபீசர்னு வேற பேர்ல நிர்வாகப் பதவிகளைக் கொண்டு வந்தாங்க. அதாவது ஊரே மேட்ரனைப் பார்த்து தியேட்டர்ல சிரிச்சுக்கிட்டு இருந்த காலத்துல நிஜ ஆஸ்பத்திரியில மேட்ரன் மறைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஆனா ஜனங்களுக்கு அந்தப் பேர் மனசை விட்டுப் போகல. வார்டு சுத்தமா இல்ல, கேட்க ஆள் இல்லன்னு புகார் வரும்போதெல்லாம் பழைய மேட்ரனைக் கூப்பிடுங்கன்னு குரல் கிளம்பும், 2001ல அரசாங்கம் அந்தப் பேரை 'மாடர்ன் மேட்ரன்'னு திரும்பக் கொண்டு வந்துச்சு. அந்த ஏக்கத்துல ஹேட்டி ஜாக்ஸ் முகத்துக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்: 'டாக்டர் இன் தி ஹவுஸ்' படத்தை என் இளமையில் பார்த்தேன். அதில் வரும் 'ப்ளீடிங் டைம்' ஜோக்கைத் தமிழில் சொல்ல முடியுமா?

வணக்கம் சார். தமிழ்ல அதே வேகத்தோட சொல்ல முடியாது, விளக்கத்தான் முடியும். அது 1954ல வந்த படம், அந்த வருஷம் பிரிட்டன்ல முதலிடத்துல ஓடின படம். செயின்ட் ஸ்விதின்ஸ்னு ஒரு கற்பனை ஆஸ்பத்திரி, அங்க டாக்டருக்குப் படிக்க வர்ற பசங்க. டர்க் போகார்டு ஹீரோ. கென்னத் மோருக்கு ஒரு அருமையான வேஷம், பாட்டி எழுதி வெச்ச உயில்படி அவர் மெடிக்கல் ஸ்டூடண்டா இருக்கிற வரைக்கும்தான் வருஷா வருஷம் பணம் வரும், அதனால பாஸாகாமலே இருக்கப் பார்ப்பாரு. எல்லாரையும் நடுங்க வைக்கிற சர்ஜன் சர் லேன்ஸலாட் ஸ்ப்ராட், அதுல ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸ், தாடியும் இடி மாதிரி குரலுமா.

ப்ளீடிங் டைம்ங்கிறது ஒரு டெஸ்ட், தோல்ல சின்னதா கீறிவிட்டா ரத்தம் நிக்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்க்கிறது. அதே ப்ளீடிங்ங்கிற வார்த்தை ஆங்கிலேயர் வாயில எரிச்சல்ல வர்ற ஒரு லேசான வசவும்கூட, நம்ம ஊர்ல "அந்த எழவு மணி எத்தனைடா"ன்னு கேட்போமே, அந்த மாதிரி. சர்ஜன் டெஸ்டைப் பத்திக் கேட்கிறாரு, பையன் இந்த எழவு மணி என்னன்னு கேட்கிறார்னு நினைச்சு கடிகாரத்தைப் பார்த்து பத்து பத்துங்கிறான். இவ்வளவுதான். கதையை எழுதின ரிச்சர்ட் கார்டன் நிஜத்துல மயக்க மருந்து குடுக்கிற டாக்டர், அதனாலதான் இந்த மாதிரி வார்த்தை அவருக்குக் கையிலயே இருந்திருக்கு.

ஆனா சார், என் மனசுல நின்ன சீன் வேற. சர் லேன்ஸலாட் ஒரு பேஷன்டோட கட்டிலைச் சுத்தி மாணவர்களை நிறுத்தி வெச்சுக்கிட்டு, எங்க வெட்டுவீங்கன்னு கேட்டு, வயித்து மேல நீளமா ஒரு கோடு போட்டுக் காட்டுறாரு, படுத்திருக்கிற ஆளு கண்ணு பிதுங்கப் பார்க்கிறான், உடனே அவன் பக்கம் திரும்பி, கவலைப்படாதே, இதுக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்கிற மாதிரி சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுறாரு.

இதை நான் அனுபவிச்சிருக்கேன். சில வருஷம் முன்னாடி எனக்கு ஒரு வயித்து ஆபரேஷன். மூணாம் நாள் காலையில பெரிய டாக்டர் வந்தாரு, பின்னாடி பத்துப் பன்னிரண்டு பிள்ளைங்க, கையில நோட்டு. என் கால்மாட்டுல நின்னு ஃபைலைப் புரட்டி இங்கிலீஷ்ல கடகடன்னு பேசினாங்க, ஒருத்தர் போர்வையை விலக்கினார், ஒருத்தர் அமுக்கினார், ஒரு பொண்ணு ஏதோ கேட்டுது, டாக்டர் தலையை ஆட்டினாரு, போயிட்டாங்க. யாரும் என் முகத்தைப் பார்க்கல. எனக்கு இங்கிலீஷ் தெரியும், இருந்தும் ஒண்ணும் விளங்கல, தொண்டையை அடைச்சுக்கிட்டு வந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பாட்டி, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், மெதுவா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அவங்க பேசினது உன்னப் பத்தியா என்னப் பத்தியா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தையல் போட்ட இடம் இழுத்து உயிர் போகுது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன், பாட்டியும் சிரிக்கிறாங்க, நர்ஸ் ஓடி வந்து என்னாச்சுன்னு கேட்கிறாங்க, ரெண்டு பேராலயும் சொல்ல முடியல.

அன்னிக்குத்தான் இந்த ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிஞ்சுது. 'டாக்டர் இன் தி ஹவுஸ்' கட்டிலைச் சுத்தி நிக்கிறவங்களோட சிரிப்பு. அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், ஆனா அதுல பேஷன்ட் ஒரு ஓரம்தான். அஞ்சு வருஷம் கழிச்சு வந்த 'கேரி ஆன் நர்ஸ்' கேமராவைத் தூக்கிட்டுப் போய் தலகாணி மேல வெச்சுது. படுத்திருக்கிறவன் நிக்கிறவங்களைப் பார்த்து சிரிக்க ஆரம்பிச்சான். இதுல அழகு என்னன்னா, ரெண்டு படமும் ஒரே குடும்பம் மாதிரி. முதல் படத்தை இயக்கினது ரால்ஃப் தாமஸ், தயாரிச்சது பெட்டி பாக்ஸ். ரெண்டாவதை இயக்கினது ரால்ஃபோட தம்பி ஜெரால்ட், தயாரிச்சது பெட்டி பாக்ஸோட வீட்டுக்காரர் பீட்டர் ரோஜர்ஸ்.

மருத்துவ மாணவி, சென்னை: பிரிட்டிஷ் படங்கள்ல சர்ஜனை டாக்டர்னு கூப்பிடாம மிஸ்டர்னு கூப்பிடுறாங்களே, அது மரியாதைக் குறைவு இல்லையாக்கா?

தலைகீழ்மா. அங்க டாக்டர்லேருந்து மிஸ்டர் ஆகிறதுதான் பெருமை. பழைய காலத்துல யுனிவர்சிட்டி போய் படிச்சவங்க மருந்து குடுக்கிற ஃபிசிஷியன், அவங்கதான் டாக்டர். கத்தி பிடிக்கிறவங்க முடி வெட்டுறவங்களோட ஒரே சங்கத்துல இருந்தாங்க, 1540ல ஹென்றி மன்னர் காலத்துல அந்தச் சங்கத்தைச் சேர்த்து வெச்சாங்க, 1745லதான் சர்ஜனுங்க பிரிஞ்சு வந்தாங்க. தொழில் கத்துக்கிட்டு வந்தவங்க, பட்டம் கிடையாது, அதனால மிஸ்டர். பின்னாடி சர்ஜரி பெரிய படிப்பா ஆன பிறகும் அந்தப் பேரை அவங்க விடல. சர் லேன்ஸலாட்டுக்கு சர் பட்டம் இருக்கிறதால அவருக்கு அந்தப் பிரச்னையும் இல்ல.

இல்லத்தரசி, ஈரோடு: என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது. சும்மா உக்காந்து சோகமா இருக்கார். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா?

தாராளமா காட்டுங்கம்மா, ஆனா ஒரு சின்னத் தலகாணியை மடியில குடுத்துட்டு காட்டுங்க. சிரிப்பு வரும்போதும் இருமல் வரும்போதும் அந்தத் தலகாணியைத் தையல் மேல மெதுவா அணைச்சுப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, வயித்துத் தசை இழுக்கிறது குறையும், வலியும் குறையும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது ஒரு நைட் ட்யூட்டி நர்ஸ். ரொம்ப வலிச்சாலோ, ஆபரேஷன் பண்ண இடத்துல வீக்கம் தெரிஞ்சாலோ படத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு, அப்பா கூட உக்காந்து பாருங்க. போட்டுக் குடுத்துட்டு சமையல்கட்டுக்குப் போயிடாதீங்க. கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது.

வாசகி, லண்டன்: எங்கம்மா 70கள்ல இங்க வந்து நர்ஸா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. அம்மாவுக்கு இந்தப் படங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனா "எங்களை மாதிரி ஒருத்தியையும் அதுல காணோமே"ன்னு சொல்வாங்க. ஏன் காட்டல?

அம்மா சொன்னது நியாயம், இதுல எனக்கு வருத்தம் உண்டு. 1948 ஜூலை 5ல என்.ஹெச்.எஸ்., அதாவது பிரிட்டன் அரசாங்கத்தோட இலவச மருத்துவ சேவை, ஆரம்பிச்சாங்க, அனுரின் பெவன்ங்கிற அமைச்சர், சுரங்கத் தொழிலாளியா இருந்தவர், அவர் முன்னால நின்னு கொண்டு வந்தது. பணக்காரனோ ஏழையோ, கையில காசு இல்லாம ஆஸ்பத்திரிக்குள்ள நுழையலாம். 'கேரி ஆன் நர்ஸ்' வரும்போது அதுக்கு இன்னும் 11 வயசு முடியல. அந்த வார்டுல பத்திரிகைக்காரனும் குத்துச்சண்டைக்காரனும் படிப்பாளியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்காங்கன்னா, யாரும் பில்லைப் பத்திப் பேசலைன்னா, அதுக்கு அந்த என்.ஹெச்.எஸ்.தான் காரணம். தியேட்டர்ல உக்காந்து பார்த்த ஜனங்க, இது நம்ம ஆஸ்பத்திரின்னு நினைச்சுப் பார்த்திருப்பாங்க.

ஆனா அதே ஆஸ்பத்திரிகளைத் தூக்கி நிறுத்தினவங்கள்ல வெளியூர்ப் பொண்ணுங்க எத்தனை பேர். 40கள் கடைசியிலேருந்தே கரீபியன் தீவுகள்லேருந்து நர்ஸுங்க வந்தாங்க. 60கள்ல இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலேருந்து டாக்டருங்க வந்தாங்க. ஊர்க்காரங்க போக விரும்பாத பிரிவுகள், வயசானவங்க வார்டு, மனநலம், தொழிற்சாலை ஊர்கள்ல கிளினிக், இதெல்லாம் பெரும்பாலும் அவங்க தலையிலதான். அதுல தமிழ் பேசுறவங்களும் உண்டு, உங்கம்மாவே சாட்சி. சினிமாக்காரங்க கண்ணு அந்தப் பக்கம் திரும்பல. கேரி ஆன் படங்களோட முக்கிய வேஷங்கள்ல அவங்க யாருமே கிடையாது. 1979ல 'ஒன்லி வென் ஐ லாஃப்'னு ஒரு டிவி தொடர், மூணு பேஷன்டுங்க கதை, அதுலதான் குப்தேன்னு ஒரு இந்திய ஸ்டாஃப் நர்ஸ் வாரா வாரம் வந்தாரு, டெரிக் ப்ராஞ்ச் நடிச்சாரு. என்.ஹெச்.எஸ். தொடங்கி 31 வருஷம் ஆகியிருந்துச்சு.

உங்கம்மாகிட்ட உக்காந்து அவங்க வார்டுக் கதைகளை ரெக்கார்டு பண்ணி வைங்க. அவங்க சிஸ்டர் யாரு, யாருக்குப் பயந்தாங்க, நைட் ட்யூட்டியில எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேளுங்க. நீங்க எழுதி அனுப்பினா நானே இங்க போடுறேன்.

நர்சிங் கல்லூரி ஆசிரியை, கோவை: நர்ஸ்னாலே குட்டைப் பாவாடை, கண்ணடிப்புன்னு காட்டினது இந்த மாதிரி படங்கள்தானே. அதைப் போய் ஆஸ்பத்திரியில இருந்து வந்தவங்களுக்குப் பாருங்கன்னு சொல்லலாமா?

உங்க கோபம் சரியானது மேடம், ஒதுக்கிட்டுப் போக மாட்டேன். 1967 'கேரி ஆன் டாக்டர்'ல பார்பரா வின்ட்ஸர் நர்ஸா உள்ள நுழைஞ்சதுமே கேமரா எங்க போகுதுன்னு பார்த்தா போதும், நீங்க சொல்றது புரியும். எழுத்தாளரும் மாறியிருந்தாரு, டால்பட் ராத்வெல் வந்த பிறகு ரெட்டை அர்த்தம் கூடிப்போச்சு. அந்தப் படங்களால நிஜ நர்ஸுங்க வார்டுல என்னென்ன பேச்சு கேட்டிருப்பாங்கன்னு நினைச்சா சங்கடமா இருக்கு. அதனாலதான் நான் அந்த வரிசையை மொத்தமா சிபாரிசு பண்ணல.

1959 படத்துலயும் ஷர்லி ஈட்டனைப் பார்த்து பத்திரிகைக்காரர் மயங்குறாரு, கொஞ்சம் அசட்டுத்தனம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ணுங்க படம் முழுக்க வேலை செஞ்சுக்கிட்டே இருக்காங்க, அதைக் கவனிங்க. பெட்பேன் தூக்குறாங்க, விரிப்பு மாத்துறாங்க, பெல் அடிச்சா ஓடுறாங்க, திரும்பறதுக்குள்ள அடுத்த பெல். தனி ரூம்ல இருக்கிற கர்னல் (வில்ஃப்ரிட் ஹைட் வைட்) ஆர்டர்லியை விட்டு குதிரைப் பந்தயத்துல பணம் கட்டிக்கிட்டு, பொழுது போகாம பெல்லை அமுக்கி அமுக்கி அந்தப் பொண்ணுங்க உயிரை வாங்குறாரு. நாள் பூரா சின்னச் சின்னதா அவமானப்பட்டவங்க கடைசியில ஒருநாள் திருப்பிக் குடுக்கிறாங்க, படம் அந்த இடத்துல முடியுது. அந்த முடிவுல நர்ஸுங்க பக்கம்தான் படம் நிக்குது. உங்க மாணவிகளுக்கு ரெண்டு படத்துலேருந்தும் ஒரு சீன் போட்டுக் காட்டி பேச வைங்க, நல்ல வகுப்பா இருக்கும்.

வாசகர், பெங்களூர்: 'பிரிட்டானியா ஹாஸ்பிட்டல்' பார்த்திருக்கீங்களா? அதுவும் காமெடின்னுதான் போட்டிருந்தாங்க, எனக்குப் பாதியில பயமாயிடுச்சு.

பார்த்தேன், எனக்கும் அப்படித்தான். 1982, லிண்ட்ஸே ஆண்டர்சன் எடுத்தது. அவர் பிறந்ததே உங்க ஊர்ல, 1923ல பெங்களூர்ல. ஆஸ்பத்திரிக்கு 500 வருஷம் நிறைவு விழா, ராஜ குடும்பத்திலேருந்து விருந்தாளி வர்றாங்க, அதே நாள்ல சமையல்காரங்க ஸ்ட்ரைக், காசு கட்டின பேஷன்டுங்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு எதுக்குன்னு தகராறு, வெளியில போராட்டக் கூட்டம், உள்ள ஒரு புரொஃபசர் மனுஷ உடம்பை வெச்சு கொடூரமான ஆராய்ச்சி. 1978-79 குளிர்காலத்துல ஆஸ்பத்திரி ஊழியர்கள் உட்பட நாடே ஸ்ட்ரைக்ல கிடந்துச்சு, அந்தக் கசப்பு அப்படியே இதுல இருக்கு. அர்ஜென்டினாவோட ஃபாக்லண்ட் போர் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல ரிலீஸ், நாட்டைத் திட்டுற படத்தைப் பார்க்கிற மனநிலையில யாரும் இல்ல, ஓடல.

தைரியமான படம், மதிக்கிறேன். ஆனா அதுல பேஷன்டோட முகம் எங்கயும் மனசுல நிக்கல, எல்லாரும் ஒரு கருத்துக்காக நிக்கிறவங்களா இருக்காங்க, அதனால ரெண்டாவது தடவை பார்க்கத் தோணல. கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்கு இதைப் போட்டுக் காட்டாதீங்க.

பள்ளி மாணவி, நாகர்கோவில்: படத்துல எல்லா வார்டும் ஒரே நீள ஹாலா இருக்கே ஆன்ட்டி, தனித்தனி ரூம் இல்லையா?

அதுக்கு நைட்டிங்கேல் வார்டுன்னே பேரும்மா. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் சொன்ன யோசனைப்படி கட்டினது, 1871ல திறந்த லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில அந்த மாதிரி வார்டுகள் இருந்துச்சு. நீளமான ஹால், ரெண்டு பக்கமும் கட்டில் வரிசை, உயரமான ஜன்னல், காத்து நல்லா வரணும், நர்ஸ் ஒரு இடத்துல நின்னா எல்லாரையும் பார்க்கணும். காமெடிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏன்னா நர்ஸ் எல்லாரையும் பார்க்கிற மாதிரியே எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். ஒருத்தருக்கு ஊசி போட்டா பத்து பேர் முகம் சுளிக்கும்.

வாசகர், தூத்துக்குடி: டாஃபடில் பூவைப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே! அந்த கடைசி சீன் என்னன்னு எல்லாரும் பூடகமாவே பேசுறாங்க.

சொல்றேன். டாஃபடில் அங்க குளிர்காலம் முடிஞ்சு வசந்தம் வருதுன்னு சொல்ற மஞ்சள் பூ, குழல் மாதிரி நடுவுல ஒரு கிண்ணம் இருக்கும், வேல்ஸ் மக்களோட தேசியப் பூ. 'கேரி ஆன் நர்ஸ்' படம் ரிலீஸானதும் மார்ச் மாசம், ஊரெல்லாம் அந்தப் பூ பூத்திருக்கிற சமயம்.

பெல் அடிச்சே உயிரை வாங்கின கர்னலுக்கு நர்ஸுங்க வெப்பம் பார்க்க வர்றாங்க. வாயில வேண்டாம், இன்னிக்கு வேற வழியில பார்க்கணும், குப்புறப் படுங்கன்னு சொல்றாங்க. அவரும் படுத்துக்கிறாரு. அந்த நேரம் மேட்ரன் உள்ள வந்து அதிர்ந்து போய் என்ன இதுன்னு கேட்கிறாங்க. கர்னல் ரொம்ப அலட்சியமா, இப்படி வெப்பம் பார்த்து நீங்க பார்த்ததே இல்லையான்னு கேட்கிறாரு. எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், ஆனா டாஃபடில் பூவை வெச்சுப் பார்த்து நான் பார்த்ததில்லைங்கிறாங்க மேட்ரன். அந்த வரியை ஹேட்டி ஜாக்ஸ் சொல்ற நிதானம் இருக்கே, முகத்துல ஒரு கோடுகூட அசையாது.

அந்தச் சீன் எவ்வளவு பிரபலம்னா, எட்டு வருஷம் கழிச்சு 'கேரி ஆன் டாக்டர்'ல ஃப்ராங்கி ஹோவர்ட் பேஷன்டா படுத்திருப்பாரு, ஒரு நர்ஸ் கையில டாஃபடில் பூவோட கட்டில் பக்கம் வருவாங்க, அவ்வளவுதான், ஆளு அலறிடுவாரு, வேணாம் வேணாம், அந்தப் படத்தை நான் பார்த்துட்டேன்னு.